போட்டோ எடுக்கக் கூடாத நடனம், மியூசியத்தில் ஓவியமாக! பியூப்லோ வாட்டர்கலரின் 100 வருடக் கதை

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் பியூப்லோ பழங்குடி மக்களின் கிராமங்கள் இருக்கின்றன. விழா நாளில் அங்கே போனால், பல ஊர்களில் முதலில் கண்ணில் படுவது ஓர் அறிவிப்புதான். போட்டோ எடுக்கக் கூடாது. வீடியோ கூடாது. ஆடியோ பதிவு கூடாது. நோட்டுப் புத்தகத்தில் படம் வரையவும் கூடாது. மீறினால் போனை வாங்கி வைத்துக்கொள்ளும் ஊர்களும் உண்டு.

இப்போது பக்கத்திலிருக்கும் சாண்டா ஃபே நகரத்து மியூசியங்களுக்கு வாங்க. நடனங்கள் அங்கே காகிதத்தில் இருக்கின்றன. வரிசையாக நிற்கும் ஆண்களும் பெண்களும், கையில் கிலுகிலுப்பை, பச்சைக் கிளைகள், காலில் மான் தோல் செருப்பு. ஆடையின் நெசவு வரைக்கும் எண்ணிவிடலாம், அவ்வளவு நுணுக்கம். வரைந்தவர்கள் வெளியாட்கள் இல்லை. அதே கிராமங்களில் பிறந்து வளர்ந்தவர்கள். காலம், பெரும்பாலும் 1910 முதல் 1940 வரை.

வரையவே கூடாது என்கிற ஊர்களிலிருந்து இத்தனை ஓவியங்கள் எப்படி வந்தன? இதில் இன்னொரு முரணும் இருக்கிறது. இந்த ஓவியங்கள் சிகாகோ, நியூயார்க் கண்காட்சிகளுக்குப் போன அதே வருஷங்களில்தான், அமெரிக்க அரசு அந்த நடனங்களைக் கட்டுப்படுத்தப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

யார் இந்த பியூப்லோ மக்கள்?

'பியூப்லோ' என்பது ஸ்பானிஷ் சொல். 'ஊர்' என்று அர்த்தம். 16-ம் நூற்றாண்டில் வந்த ஸ்பானியர்கள், மண் செங்கல் வீடுகளை அடுக்கடுக்காகக் கட்டி, சோளம் விளைவித்து வாழ்ந்த மக்களைப் பார்த்து வைத்த பெயர். இது ஒரே இனத்தின் பெயர் இல்லை. இன்று நியூ மெக்சிகோவில் 19 பியூப்லோக்கள் இருக்கின்றன. அரிசோனாவில் வாழும் ஹோப்பி மக்களும் இந்தக் குடும்பம்தான். டேவா, டீவா, கெரெஸ், ஸூனி, ஹோப்பி என மொழிகளே வேறு வேறு. ஒரு மொழிக்காரருக்கு இன்னொரு மொழி புரியாது.

பொதுவாக இருப்பது இரண்டு. சோளம், மழை. சாண்டா ஃபே பகுதியில் வருஷத்துக்கு சுமார் 350 மில்லிமீட்டர் மழைதான் கிடைக்கும். அந்த வறண்ட பூமியில் சோளம் விளைய வேண்டும் என்றால் ஒவ்வொரு மழையும் முக்கியம். ஆகவே மழைக்கான வேண்டுதல் அவர்கள் வாழ்க்கையின் நடுவிலேயே இருக்கிறது. அந்த வேண்டுதலின் ஒரு வடிவம்தான் நடனம்.

நடனம் என்றால் நாம் நினைக்கிற நிகழ்ச்சி இல்லை

மேடை கிடையாது, டிக்கெட் கிடையாது, முடிந்ததும் கைதட்டக் கூடாது. ஏனென்றால் அது பார்வையாளர்களுக்காக ஆடப்படுவது இல்லை. ஊரே சேர்ந்து செய்கிற பிரார்த்தனை அது. ஆடுபவர்கள் நாட்கணக்கில் தயாராவார்கள். கூட்டமாக நின்று பாடுகிறவர்கள், முரசு அடிப்பவர், வரிசையாக ஆடுபவர்கள் என்று எல்லோரும் சேர்ந்தால்தான் அது முழுமை.

சோள நடனத்தையே எடுத்துக்கொள்வோம். ஆண்கள் வெற்று மார்போடு, பூவேலை செய்த வெள்ளை இடுப்பாடை கட்டியிருப்பார்கள். இடுப்பிலிருந்து நீளமான நூல் தொங்கல்கள் இறங்கும். அவை மழைத்தாரைகள். பின்பக்கம் நரித்தோல் தொங்கும். ஒரு கையில் சுரைக்குடுவையில் செய்த கிலுகிலுப்பை, இன்னொரு கையில் ஊசியிலை மரத்தின் பச்சைக் கிளை. பெண்கள் ஒரு தோள் தெரிகிற கறுப்பு ஆடையில், இரண்டு கையிலும் பச்சைக் கிளைகளோடு ஆடுவார்கள். தலையில் 'டப்ளிட்டா' என்ற மெல்லிய மரப்பலகை அலங்காரம். அதில் படிக்கட்டு வடிவத்தில் மேகங்கள் வரைந்திருக்கும்.

குளிர்காலத்தில் எருமை நடனம், மான் நடனம் வரும். கழுகு நடனத்தில் கையின் நீளத்துக்கு இறகுகள் கட்டிக்கொண்டு இருவர் ஆடுவார்கள். உடம்பில் கறுப்பு வெள்ளைப் பட்டை பூசி, தலையில் சோளத் தோகை செருகிய 'கொஷாரே'க்கள் சில விழாக்களில் வருவார்கள். கோமாளி மாதிரி தெரிந்தாலும் அவர்களுக்குச் சடங்கில் தனி அதிகாரம் உண்டு.

இவை ஊர் நடுவிலிருக்கும் முற்றத்தில் நடப்பவை. வெளியாட்களும் அனுமதி இருக்கும் நாளில் நின்று பார்க்கலாம். இன்னொரு பகுதி இருக்கிறது. 'கீவா' என்கிற சடங்கு அறைக்குள் நடப்பவை, முகமூடி அணிந்து ஆடப்படுபவை. ரியோ கிராண்டே ஆற்றங்கரை பியூப்லோக்களில் முகமூடி நடனங்களை வெளியாட்கள் பார்க்கவே முடியாது. சொந்த ஊர்க்காரர்களுக்குமே வயது, பொறுப்பு, தீட்சை இவற்றைப் பொறுத்துத்தான் எது தெரியலாம், எது தெரியக்கூடாது என்பது முடிவாகும். 'யாருக்கு எவ்வளவு தெரியலாம்' என்ற இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஓவியங்களைப் புரிந்துகொள்ள இதுதான் சாவி.

ஏன் இவ்வளவு ரகசியம்?

பழைய காயம் ஒரு காரணம். 17-ம் நூற்றாண்டில் ஸ்பானிஷ் பாதிரியார்கள் கீவாக்களுக்குள் புகுந்து முகமூடிகளை எரித்தார்கள். 1675-ல் 'சூனியம்' என்ற குற்றச்சாட்டில் 47 பியூப்லோ சமயத் தலைவர்கள் கைதானார்கள். அவர்களில் ஒருவரான போபே தலைமையில் 1680-ல் பியூப்லோக்கள் ஒன்றுசேர்ந்து ஸ்பானியர்களை அந்த மண்ணைவிட்டே துரத்தினார்கள். ஸ்பானியர்கள் திரும்பி வர 12 வருஷம் ஆனது. அதன் பிறகு பல ஊர்களில் தேவாலயமும் இருந்தது, கீவாவும் இருந்தது. ஆனால் கீவாவின் கதவு வெளியாட்களுக்கு இறுக்கமாக மூடப்பட்டது.

அமெரிக்க ஆட்சி வந்தபோது நெருக்கடி வேறு ரூபம் எடுத்தது. 1883-ல் அமெரிக்க உள்துறை கொண்டுவந்த 'இந்தியர் குற்ற விதிகள்' பழங்குடிகளின் சில நடனங்களையும் சடங்குகளையும் குற்றப் பட்டியலில் வைத்தது. குழந்தைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து அரசு விடுதிப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். அங்கே முடி வெட்டப்பட்டது, பெயர் மாற்றப்பட்டது, தாய்மொழி பேசினால் தண்டனை. இதை எதிர்த்த ஹோப்பி ஆண்கள் 19 பேர் 1895-ல் சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாவில் இருக்கும் அல்கட்ராஸ் தீவுச் சிறையில் அடைக்கப்பட்டார்கள். குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்ப மறுத்தது அவர்கள் மீதிருந்த முக்கியமான புகார்களில் ஒன்று.

பிரஷ் யார் கையில் முதலில் வந்தது?

பியூப்லோக்களுக்கு ஓவியம் புதுசு இல்லை. கீவா சுவர்களில் பல நூற்றாண்டுகளாக வரைந்திருக்கிறார்கள். மண்பானைகளில் பெண்கள் வரைந்த கோலங்கள் உலகப் புகழ்பெற்றவை. புதுசு எது என்றால் காகிதம், வாட்டர்கலர், அப்புறம் விற்பனை.

சாண்டா ஃபேவுக்கு வடக்கே இருக்கும் சான் இல்டிஃபோன்ஸோ என்ற சின்ன ஊர்தான் முக்கியமான தொடக்கப் புள்ளி. அங்கே அரசுப் பகல் பள்ளியில் 1900 முதல் 1907 வரை ஆசிரியையாக இருந்தவர் எஸ்தர் ஹோய்ட். பழங்குடிப் பண்பாட்டை அழிக்கத்தான் பள்ளிகள் என்று இருந்த காலத்தில், அவர் பிள்ளைகளிடம் கலரைக் கொடுத்து, 'உங்க ஊர் நடனத்தை வரைங்க' என்று ஊக்கப்படுத்தினார். அந்தப் பள்ளியில் படித்த சிலர் வளர்ந்த பிறகும் வரைவதை விடவில்லை.

இன்னொரு பாதை அகழாய்வு வழியாக வந்தது. சாண்டா ஃபேவில் தொல்லியல் நிறுவனத்தையும் மியூசியத்தையும் நடத்திய எட்கர் ஹியூவெட், பக்கத்துப் பீடபூமியில் பழைய பியூப்லோ குடியிருப்புகளைத் தோண்டினார். கூலிக்கு வந்தவர்கள் சான் இல்டிஃபோன்ஸோ ஆண்கள். தங்கள் முன்னோர் வரைந்தவற்றையே அவர்கள் மண்ணிலிருந்து எடுத்தார்கள். அவர்களில் ஒருவரான கிரெசென்சியோ மார்ட்டினெஸ் வரைவதைப் பார்த்த ஹியூவெட், 1917-ல் அவரிடம் ஒரு வேலையை ஒப்படைத்தார். கோடையிலும் குளிர்காலத்திலும் ஆடப்படும் நடனங்களை ஒரு தொடராக வரைந்து தர வேண்டும். மார்ட்டினெஸ் வரைய ஆரம்பித்தார். ஆனால் 1918-ல் நோய் வந்து இறந்துபோனார். தொடர் பாதியில் நின்றது.

அதற்குள் ஊரில் இன்னும் சிலர் பிரஷ் எடுத்திருந்தார்கள். மார்ட்டினெஸின் நெருங்கிய உறவினரான ஆவா சிரே அவர்களில் முக்கியமானவர். ஆங்கிலப் பெயர் அல்ஃபோன்ஸோ ராய்பல். அவருடைய கோடு கத்தியால் கீறியது போல அவ்வளவு சுத்தமாக இருக்கும். 1920-ல் அவர் ஓவியங்கள் சிகாகோ ஆர்ட்ஸ் கிளப்பில் காட்சிக்கு வந்தன. அப்போது அவருக்கு வயது சுமார் 22.

வீட்டு ஏக்கத்தில் பிறந்த ஓவியங்கள்

ஃப்ரெட் கபோட்டியின் கதை வேறு மாதிரி. அரிசோனாவின் ஷுங்கோபாவி ஊரில் பிறந்த ஹோப்பி பையன். 'ஃப்ரெட்' என்பதே பள்ளிக்கூடம் வைத்த பெயர்தான். 1915 வாக்கில் சாண்டா ஃபேவில் இருந்த அரசு விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார்.

அந்தப் பள்ளியின் கண்காணிப்பாளர் ஜான் டிஹஃப். அவருடைய மனைவி எலிசபெத் டிஹஃப், 1918-ல் சில மாணவர்களைத் தன் வீட்டுக்கு வரவழைத்து, வாட்டர்கலரைக் கொடுத்து வரையச் சொன்னார். கபோட்டி, இன்னொரு ஹோப்பி மாணவரான ஓட்டிஸ் போலெலோனெமா, ஸியா பியூப்லோவைச் சேர்ந்த வெலினோ ஷிஹே ஹெரெரா ஆகியோர் அதில் இருந்தார்கள். என்ன வரைவது என்று அவர்களுக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. அவர்கள் வரைந்தது தங்கள் ஊர் நடனங்களை.

யோசித்துப் பாருங்கள். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, தாய்மொழி பேச முடியாத இடத்தில் இருக்கிற டீன் ஏஜ் பையன். இந்த நேரம் ஊரில் எந்த நடனம் நடக்கும் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் போக முடியாது. எனவே நினைவில் இருப்பதைத் தாளில் இறக்குகிறான். ஊரைப் பிரிந்த தனிமைதான் தன்னை வரைய வைத்தது என்று கபோட்டியே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அவருடைய அந்தக் கால ஓவியங்களில் ஆடை விவரம் ஒன்றுகூட விடுபடாமல் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

1919-ல் இந்த மாணவர்களின் ஓவியங்கள் சாண்டா ஃபே மியூசியத்தில் காட்சிக்கு வந்தன. பழங்குடிப் பண்பாட்டை ஊக்குவித்ததற்காக டிஹஃப் பிற்பாடு பதவி இறக்கப்பட்டு அந்தப் பள்ளியைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று.

ஒரே நேரத்தில் நடந்த இரண்டு விஷயங்கள்

இந்த இடத்தில் தேதிகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

1920: பியூப்லோ வாட்டர்கலர்கள் நியூயார்க்கில் 'சொசைட்டி ஆஃப் இண்டிபெண்டென்ட் ஆர்ட்டிஸ்ட்ஸ்' கண்காட்சியில் நவீன ஓவியங்களோடு சேர்த்து மாட்டப்படுகின்றன. பிரபல ஓவியர் ஜான் ஸ்லோன் இதற்குப் பின்னால் இருந்தார்.

1921: இந்தியர் விவகார ஆணையர் சார்லஸ் பர்க், பழங்குடி நடனங்களைக் கட்டுப்படுத்த அதிகாரிகளுக்குச் சுற்றறிக்கை 1665-ஐ அனுப்புகிறார். பியூப்லோ, ஹோப்பி சடங்குகள் ஒழுக்கக்கேடானவை என்று காட்டுவதற்காகச் சேர்க்கப்பட்ட வாக்குமூலங்களும் அரசுத் தரப்பில் சுற்றிக்கொண்டிருந்தன. அதற்கு 'ரகசிய நடனக் கோப்பு' என்றே பெயர் வந்துவிட்டது.

1923: அதே சுற்றறிக்கைக்கு ஓர் இணைப்பு வருகிறது. மிஷனரிகள் தந்த பரிந்துரைகள் அதில் இருந்தன. நடனம் மாதத்துக்கு ஒருமுறைதான், அதுவும் வார நடுவில், பகலில் மட்டும். மார்ச், ஏப்ரல், ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வேண்டவே வேண்டாம். 50 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் கலந்துகொள்ளக் கூடாது.

கடைசி இரண்டையும் கவனியுங்கள். விதைப்பதும் மழைக்காக வேண்டுவதும் நடக்கிற மாதங்கள் பட்டியலில் இருக்கின்றன. 50 வயது விதியோ இன்னும் நுட்பமானது. இளைஞர்கள் கற்றுக்கொள்ளாவிட்டால் ஒரே தலைமுறையில் நடனம் தானாக நின்றுவிடும். அந்த விதிப்படி பார்த்தால், 20-களில் இருந்த ஆவா சிரேவும் கபோட்டியும் நடனத்தை வரையலாம், விற்கலாம். ஆடத்தான் கூடாது.

பியூப்லோக்கள் சும்மா இருக்கவில்லை. நிலத்தை ஆக்கிரமித்திருந்தவர்களுக்குச் சாதகமாக வந்த பர்சம் மசோதாவை எதிர்த்து 1922-ல் எல்லா ஊர்களின் தலைவர்களும் ஒன்று கூடினார்கள். மசோதா தோற்றது. 1924-ல் மத சுதந்திரம் கேட்டு அறிக்கை விட்டார்கள். நடனங்களும் நின்றுபோகவில்லை. இந்தப் போராட்டத்தில் பியூப்லோக்களுக்குத் துணையாக எழுதியும் பேசியும் வந்த வெள்ளைக்கார எழுத்தாளர்கள், ஓவியர்கள் பலர் இந்த வாட்டர்கலர்களை வாங்கியவர்கள்தான். 'இதைப் பாருங்கள், இது ஒழுக்கக்கேடா, கலையா?' என்று கேட்பதற்கு ஓவியங்கள் அவர்களுக்கு உதவின.

1934-ல் புதிய ஆணையர் ஜான் காலியர், பழங்குடிகளின் சமய வாழ்க்கையில் தலையிடக் கூடாது என்று உத்தரவு போட்டார். சட்டமாக வருவதற்கு 1978 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த வருஷம்தான் 'அமெரிக்க இந்தியர் சமய சுதந்திரச் சட்டம்' நிறைவேறியது.

இன்னொரு தேதியும் உண்டு. 1932 வெனிஸ் பியனாலேயில் அமெரிக்கா சார்பில் வைக்கப்பட்ட படைப்புகளில் பியூப்லோ ஓவியங்களும் இருந்தன. ஆனால் நியூ மெக்சிகோவிலும் அரிசோனாவிலும் பழங்குடி மக்களுக்கு வாக்குரிமை நடைமுறையில் கிடைத்தது 1948-ல்தான். நாட்டின் சார்பில் ஓவியம் வெனிஸ் போய் 16 வருஷம் கழித்துத்தான் ஓட்டு!

ஆண்கள் நடுவில் ஒரு பெண்

இந்த முதல் தலைமுறையில் தனித்துத் தெரிபவர் டோனிட்டா பென்யா. 1893-ல் சான் இல்டிஃபோன்ஸோவில் பிறந்தவர். எஸ்தர் ஹோய்ட்டின் மாணவி. சின்ன வயதில் அம்மா இறந்துவிட, கொச்சிட்டி பியூப்லோவில் இருந்த சித்தி வீட்டில் வளர்ந்தார்.

பியூப்லோ வழக்கத்தில் பெண்கள் பானையில் வரைவார்கள், வடிவங்களை வரைவார்கள். மனித உருவங்களை வரைவது ஆண்களின் வேலை. பென்யா அந்தக் கோட்டைத் தாண்டினார். குழந்தைகளை வளர்த்துக்கொண்டே, தனக்கென்று ஸ்டூடியோ எதுவும் இல்லாமல் வரைந்தார். அவருடைய நடனக்காரர்கள் சிலைபோல நிற்பதில்லை. எடை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறுவது தெரியும். வரிசையில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் வேறு வேறு முகம், வேறு உயரம், வேறு உடல்வாகு. கூட்டமாக ஆடுவது எப்படி இருக்கும் என்று தெரிந்த ஒருவரின் கை அது.

1930-களில் சாண்டா ஃபே பள்ளியில் அவர் வேலை செய்வதைப் பார்த்த சாண்டா கிளாரா பியூப்லோ மாணவி பப்லிட்டா வெலார்டே, ஒரு பெண்ணும் ஓவியராக முடியும் என்று நம்பியதற்கு பென்யாதான் காரணம் என்பார்கள். வெலார்டே பின்னாளில் பேண்டெலியர் தேசிய நினைவிடத்துக்காக பியூப்லோ வாழ்க்கையைப் பற்றி ஒரு பெரிய ஓவியத் தொகுப்பையே உருவாக்கினார்.

பின்னணி ஏன் காலியாக இருக்கிறது?

இந்த ஓவியங்களை முதல்முறை பார்க்கும் எல்லோருக்கும் வருகிற சந்தேகம் இது. வானம் இல்லை. தரை இல்லை. நிழல்கூட இல்லை. பின்னால் வீடுகளோ வேடிக்கை பார்ப்பவர்களோ இல்லை. வெள்ளைத் தாளில் நடனக்காரர்கள் மட்டும்.

'பயிற்சி இல்லாதவர்கள், அதனால்தான்' என்று அந்தக் காலத்தில் சிலர் எளிதாகச் சொல்லிவிட்டார்கள். அது சரியில்லை. கபோட்டி பள்ளி நாட்களிலேயே உடம்பின் கனம் தெரிய நிழல் போட்டு வரைந்திருக்கிறார். பென்யாவுக்கும் அசைவு கைவந்தது. தெரியாமல் விட்டதாகச் சொல்ல முடியாது.

காரணங்கள் பல. பானை ஓவியத்தில் பின்னணி என்று ஒன்று கிடையாது, வடிவம் வெற்றிடத்தில்தான் நிற்கும். அந்தப் பழக்கம் காகிதத்துக்கு வந்திருக்கலாம். வாங்கியவர்களின் விருப்பமும் இருந்தது. ஹியூவெட் போன்றவர்களுக்கு ஆடை அணிகலன் விவரம்தான் வேண்டும், மலையும் மேகமும் வேண்டாம்.

மூன்றாவது காரணம்தான் இன்றைய ஆய்வாளர்களை அதிகம் ஈர்க்கிறது. காலியாக விடுவது ஒரு பாதுகாப்பும்கூட. எந்த ஊர், எந்த முற்றம், ஆட்டக்காரர்கள் எந்த கீவாவிலிருந்து வருகிறார்கள், முன்னாலும் பின்னாலும் என்ன நடக்கிறது, இதெல்லாம் படத்தில் இல்லை. முற்றத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கக் கூடியது மட்டும் தாளில் இருக்கிறது. ரியோ கிராண்டே ஓவியர்கள் திரும்பத் திரும்ப வரைந்தது சோள நடனம், எருமை நடனம், கழுகு நடனம், மான் நடனம் போன்றவற்றைத்தான். முகமூடி நடனங்கள் அரிது. ஹோப்பி ஓவியர்களின் படங்களில் முகமூடி அணிந்த கட்சினாக்கள் வருவது உண்டு, அங்கே வழக்கம் வேறு.

ஆவா சிரேவைப் பற்றி எழுதிய கலை வரலாற்றாளர் சாஷா ஸ்காட், இதை 'நுட்பமான எதிர்ப்பு' என்று படிக்கிறார். வாங்குபவர்களுக்குத் தகவல் நிறையக் கிடைத்தது போலத் தோன்றும், ஆனால் காக்க வேண்டியது காக்கப்பட்டிருக்கும். ஆவா சிரேவின் பிற்கால ஓவியங்களில் வானவில், படிக்கட்டு மேகம் எல்லாம் வடிவியல் கோடுகளாக மாறி உருவங்களைச் சுற்றி நிற்கின்றன. அழகு குறையவில்லை, விவரமும் வெளியே போகவில்லை.

ஊருக்குள் எழுந்த கேள்வி

எல்லோருக்கும் இந்த எல்லை ஒரே மாதிரி தெரிந்ததா? இல்லை. எதை வெளியே காட்டலாம் என்பது ஓவியருக்கும் ஊருக்கும் இடையிலேயே பிரச்சினை ஆனது.

ஸியா பியூப்லோ இதற்கு உதாரணம். சிவப்புச் சூரியனிலிருந்து நான்கு திசையிலும் கதிர்கள் நீளும் சின்னம் அவர்களுடையது, புனிதமானது. சாண்டா ஃபேவில் காட்சிக்கு இருந்த ஸியா பானை ஒன்றிலிருந்து அந்தச் சூரியனை எடுத்து வடிவமைத்த கொடியை, நியூ மெக்சிகோ 1925-ல் மாநிலக் கொடியாக அறிவித்தது. ஊரைக் கேட்கவில்லை. மாநிலத்துக்கு அந்தச் சின்னம் போக வெலினோ ஷிஹே ஹெரெரா காரணமாக இருந்தார் என்று சொந்த ஊரே அவர் மீது குற்றம்சாட்டியது. இன்று அந்தச் சூரியன் டீ ஷர்ட் முதல் கார் நம்பர் பிளேட் வரை எங்கும் இருக்கிறது. ஸியா மக்கள் அதன் உரிமைக்காகப் பல வருஷங்களாகக் குரல் கொடுத்துவருகிறார்கள்.

இதே கேள்வி இன்னும் பெரிதாக 2013-ல் வெடித்தது. பாரிஸில் சுமார் 70 ஹோப்பி புனித முகமூடிகள் ஏலத்துக்கு வந்தன. ஹோப்பி மக்கள் அவற்றைப் பொருட்களாகவே பார்ப்பதில்லை, 'நண்பர்கள்' என்கிறார்கள். ஏலத்தை நிறுத்த பிரெஞ்சு நீதிமன்றம் மறுத்தது. அந்த வருஷக் கடைசியில் நடந்த இன்னொரு ஏலத்தில், அமெரிக்காவின் அன்னென்பர்க் அறக்கட்டளை 24 பொருட்களைச் சத்தமில்லாமல் வாங்கிப் பழங்குடிகளிடமே திருப்பிக் கொடுத்தது. பழங்குடிகளின் புனிதப் பொருட்கள் நாட்டைவிட்டு வெளியே போவதைத் தடுக்கும் அமெரிக்கச் சட்டம் வர 2022 ஆனது.

முகமூடியும் வாட்டர்கலரும் ஒன்றில்லை. முகமூடி ஊருக்குச் சொந்தமானது, தனி ஆள் விற்க முடியாதது. வாட்டர்கலரை ஓவியரே வரைந்து, தெரிந்தே விற்றார். இந்த வித்தியாசம் முக்கியம்.

அப்புறம் இந்த ஸ்டைலே ஒரு கூண்டு ஆனது

1932-ல் டோரதி டன் என்ற ஆசிரியை சாண்டா ஃபே பள்ளியில் 'தி ஸ்டூடியோ' என்ற ஓவிய வகுப்பைத் தொடங்கினார். பல பழங்குடிகளிலிருந்து மாணவர்கள் வந்தார்கள். தட்டையான நிறம், தெளிவான கோடு, காலிப் பின்னணி. முதல் தலைமுறை பியூப்லோ ஓவியர்கள் தாமாக எட்டிய இந்த வழி, அங்கே 'இந்திய ஓவியம் என்றால் இப்படித்தான்' என்கிற அளவுகோலாக மாறியது. நல்ல ஓவியர்கள் உருவானார்கள். அதே சமயம் வாங்குபவர்களும் போட்டி நடுவர்களும் அந்த ஒரே பாணியை மட்டுமே எதிர்பார்க்க ஆரம்பித்தார்கள்.

ஸ்டூடியோவில் படித்த டக்கோட்டா ஓவியர் ஆஸ்கர் ஹவ், 1958-ல் ஓக்லஹோமாவின் ஃபில்ப்ரூக் மியூசியம் போட்டிக்கு ஓர் ஓவியம் அனுப்பினார். 'பாரம்பரிய இந்திய பாணியில் இல்லை' என்று நிராகரித்தார்கள். கோபமாகப் பதில் கடிதம் எழுதினார் ஹவ். எது இந்தியக் கலை என்பதை வெளியாட்கள் முடிவு செய்வதையும், பழங்குடி ஓவியர்களைக் குழந்தைகள் போல நடத்துவதையும் அதில் கேள்வி கேட்டார். டோனிட்டா பென்யாவின் மகன் ஜோ ஹெரெராவும் அம்மாவின் வழியில் தொடங்கி, பிறகு பழைய பாறை ஓவியங்களையும் நவீன அரூப ஓவியத்தையும் கலந்து வேறு பாதைக்குப் போனார். 1962-ல் அதே பள்ளி வளாகத்தில் அமெரிக்க இந்தியக் கலைகள் நிறுவனம் தொடங்கியபோது, ஒரே பாணி என்ற கட்டுப்பாடு உடைந்தது.

இன்று பார்க்கும்போது என்ன கவனிக்கலாம்?

இந்த ஓவியங்களைப் பார்க்க நியூ மெக்சிகோ போக வேண்டியதில்லை. ஸ்மித்சோனியன் உள்ளிட்ட பல அமெரிக்க மியூசியங்கள் ஆன்லைனில் வைத்திருக்கின்றன. போனிலேயே பெரிதாக்கிப் பார்க்கலாம். அப்போது மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

ஒன்று, ஓவியரின் பெயர். பலருக்கு இரண்டு பெயர் இருக்கும். அல்ஃபோன்ஸோ ராய்பல் என்றும் ஆவா சிரே என்றும். டோனிட்டா பென்யா என்றும் குவா ஆ என்றும். ஒன்று பள்ளிப் பதிவேட்டுக்கும் தேவாலயத்துக்கும் உரியது. இன்னொன்று ஊருடையது. ஓவியத்தில் எந்தப் பெயரில் கையெழுத்து இருக்கிறது என்று பாருங்கள்.

இரண்டு, வருஷம். 1918 முதல் 1934 வரைக்குள் என்றால், அந்த நடனத்துக்கு அரசு நெருக்கடி இருந்த காலத்தில் வரையப்பட்டது அது.

மூன்று, அந்தக் காலியிடம். நமக்கு எல்லாவற்றையும் ஜூம் செய்து பார்த்துப் பழகிவிட்டது. போட்டோ இல்லாத விழா நடக்கவே இல்லை என்று நினைக்கும் அளவுக்குப் போய்விட்டோம். இந்த ஓவியங்களில் எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓர் இடத்துக்கு மேல் எதுவும் தெரியாது. அதற்கு மேல் நமக்கானது இல்லை என்று வரைந்தவர்கள் முடிவு செய்திருக்கிறார்கள்.

கிராமத்து வாசலில் இருக்கிற 'போட்டோ எடுக்கக் கூடாது' அறிவிப்பு சொல்வதும் இதுதான். வரலாம், நிற்கலாம், பார்க்கலாம். எடுத்துக்கொண்டு போகத்தான் முடியாது. அரசு தடுக்க நினைத்த சோள நடனம் இன்றும் ஆடப்படுகிறது. 50 வயதைத் தாண்டாதவர்களும் ஆடுகிறார்கள். சின்னக் குழந்தைகளும்தான்.